கடலோரத்துப் பழைய வீடு: வாங்குவோருக்கும் விற்போருக்கும்

தோட்டத்தில் நமக்குக் கொடுக்கப்பட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் சாவியும் திரும்பிப் போய்விடும். முப்பது வருடம் அதே வாசலில் கோலம் போட்டிருந்தாலும், பின்கட்டில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டு வளர்த்திருந்தாலும், அந்த வீட்டை விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. அதனால்தான் கேரித்தீவு, பந்திங், காப்பார் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் பலவும், பெரியவருக்கு ஐம்பது வயது கடந்ததும் கிள்ளான் பக்கம் வீடு தேடத் தொடங்குகின்றன. நீங்களும் தேடிக்கொண்டிருக்கலாம். அல்லது முன்பே வந்து குடியேறிவிட்டு, இப்போது அந்த வீட்டை விற்று மகளோடு போய் இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். இரு சாராரும் படியுங்கள்; ஒருவர் கவனிக்க வேண்டியதை மற்றவரும் அறிந்திருப்பது நல்லது.

புதிய தாமான்களின் விலையைக் கேட்டு மலைத்துப் போகிறவர்கள் பழைய குடியிருப்புகளுக்குத் திரும்புகிறார்கள். கிள்ளானிலிருந்து துறைமுகம் போகும் வழியில் தெலுக் பூலாய், தெலுக் காடோங், பண்டமாரான், கம்போங் ராஜா ஊடா என்று அடுத்தடுத்து இருக்கின்றன. கொமுட்டர் இரயில் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. 1890களில் எழுந்த சுந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. நம்மவர்கள் இருக்கிறார்கள், தோசைமாவும் வெற்றிலையும் கிடைக்கும். எழுபது, எண்பதுகளில் கட்டிய வரிசை வீடுகள் நிறைய. அன்று வாங்கிய துறைமுகத் தொழிலாளரும் இரயில்வே ஊழியரும் இன்று முதியவர்கள், சிலர் காலமாகிவிட்டார்கள். ஆகவே விற்பனைப் பலகை தொங்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. உள்கட்டு அகலம், முன்னால் கார் நிறுத்த இடம், நடந்து போகும் தூரத்தில் பசார். இதையெல்லாம் பார்த்ததும் மனம் இளகிவிடும். ஆனால் புது வர்ணம் பூசிய சுவரைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று தண்ணீர், மற்றது காகிதம்.

தண்ணீர் ஏறும் மண்

அந்த நிலம் எப்படிப்பட்டது என்பதை அறிய நூறு வருடத்துக்கு முன்னால் போக வேண்டும். 1901இல் அங்கே துறைமுகம் திறக்கப்பட்டபோது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். சுற்றிலும் கண்டல் காடும் சேற்று நிலமும். திறந்த சில மாதங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர்களை வாட்டி எடுத்தது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற அளவுக்கு நிலைமை முற்றியது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் யோசனை சொல்ல, காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி, அணைக்கரை கட்டிச் சேற்றை வடித்த பிறகே காய்ச்சல் அடங்கியது. இரயிலிலும் பொதுவேலையிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். 1972இல்தான் அந்தத் துறைமுகத்துக்குக் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் வந்தது. பெயர் மாறிவிட்டது, மண் மாறவில்லை. கரையோரத்துத் தாழ்வான பகுதிகள் இன்றும் அணைக்கரையையும் வாய்க்கால் மதகையும் நம்பித்தான் இருக்கின்றன.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் பெருக்கு உச்சத்துக்கு வரும். பெரிய பெருக்கின்போது, மிகத் தாழ்ந்த நீர்மட்டத்திலிருந்து அளந்தால், கிள்ளான் துறைமுகத்தில் தண்ணீர் 5 மீட்டரையும் தாண்டி நிற்கும். அந்த நேரம் மதகை மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் கடல் உள்ளே வரும். மூடியிருக்கும்போது மழை கொட்டினாலோ, மழைநீர் வெளியே போக வழி இல்லை. வாய்க்கால் நிறைந்து, தெரு நிறைந்து, வாசல்படி ஏறும். 2021 டிசம்பர் 18ஆம் தேதி வெள்ளத்தில் கிள்ளான், ஷா ஆலம் வட்டாரக் குடும்பங்கள் பட்டபாடு உங்களுக்கு நினைவிருக்கும். அது பெருமழையின் கணக்கு. பெருக்கு வெள்ளம் அப்படித் தலைப்புச் செய்தியாக வராது. கணுக்கால் அளவு வந்து, மெத்தையையும் குளிர்சாதனப் பெட்டியையும் கெடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடும்.

எனவே வீடு பார்க்கப் போவதானால் வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போகாதீர்கள். வீட்டுக் காலண்டரில் அமாவாசையைப் பாருங்கள். பெருக்கு நேரம் கடற்படையின் அட்டவணையில் இருக்கிறது, கைத்தொலைபேசியிலும் பார்க்கலாம். அந்த நேரத்துக்குப் போய் வீட்டு முன்னால் ஓடும் சாக்கடையைப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நிற்கிறதா, அல்லது கடல் பக்கமிருந்து வீட்டுப் பக்கம் திரும்பி வருகிறதா? திரும்பி வந்தால், வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் அது உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது.

வீட்டுக்குள்ளும் தண்ணீர் தன் கையெழுத்தைப் போட்டிருக்கும். கதவுச் சட்டத்தின் அடிப்பாகத்தைத் தட்டிப் பாருங்கள்; பொதபொதவென்று இருக்கிறதா? அலமாரிக்குப் பின்னால் சுவரில் பழுப்புக் கோடு இருக்கிறதா? மின் பிளக்குகள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏற்றப்பட்டிருக்கின்றனவா? சமையற்கட்டு வாசலில் அரை முழத்துக்குச் சிமெண்டுத் திட்டு கட்டியிருக்கிறார்களா? யாரும் வேடிக்கைக்காக அப்படிக் கட்டுவதில்லை. இன்னொன்று: பழைய தாமான்களில் சாலையை மேலும் மேலும் தார் போட்டு உயர்த்திக்கொண்டே வந்திருப்பார்கள். வீடு அப்படியே இருக்கும், தெரு உயர்ந்துவிடும். வாசலில் நின்று, முன்கட்டுத் தரை சாலையைவிட உயரமா தாழ்வா என்று கண்ணாலேயே அளந்து பாருங்கள். தாழ்வானால் தெருத் தண்ணீருக்கு உங்கள் வீடுதான் குளம்.

கடைசியாக, எதிர்வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். "பாட்டி, இங்கே தண்ணி ஏறுமா?" என்று கேட்டால், அவருக்கு விற்கவும் வேண்டாம் வாங்கவும் வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிடுவார். ஏஜெண்டுகள் சொல்லும் ஆயிரம் வார்த்தையைவிட நான் அதைத்தான் நம்புவேன்.

அடித்தளமும் உப்புக்காற்றும்

அந்தக் கரையோர மண் மெத்தென்ற களிமண். பாரம் ஏற்றினால் வருடக் கணக்கில் மெல்ல மெல்ல அமுங்கும். வீட்டின் முதல் கட்டடத்தைக் கம்பம் அடித்து நிறுத்தியிருப்பார்கள். பிற்பாடு குடும்பம் பெருகியதும் பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையற்கட்டுக்கு அப்படிக் கம்பம் அடித்திருக்க மாட்டார்கள். ஆகவே பழைய பகுதி நிற்கும், புதிய பகுதி இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு வந்தால் காரணம் அதுதான். விரல் நுழையும் அகலமானால் வர்ணம் பூசி மறைக்கிற சமாச்சாரம் அல்ல. நீட்டிக் கட்டியதற்கு நகராண்மையின் அனுமதி வாங்கிய வரைபடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் வங்கி மதிப்பீட்டாளர் அந்தப் பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடும். விலை மட்டும் அதையும் சேர்த்துக் கேட்பார்கள்.

உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பைத் தின்னும். துரு ஏறிய இரும்பு பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். குளியலறைக் கூரையையும் முன்கட்டுத் தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தையும் அண்ணாந்து பாருங்கள், கம்பி தெரிகிறதா? எழுபதுகளின் வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் தகட்டுக் கூரையும் உள்விதானமும் இருக்கலாம். அதை நீங்களே சுத்தியலால் உடைக்க வேண்டாம். தூள் நுரையீரலுக்கு ஆபத்து. கரையான், பழைய மின்கம்பி இவற்றைத் தெரிந்த ஒரு கொத்தனாரையும் மின்சாரக்காரரையும் அழைத்துப் போய்க் காட்டினால், செலவாகும் சில நூறு வெள்ளி வீண் போகாது.

காகிதம் பேசுகிறது

நம் நாட்டுச் சட்டத்தில் வீடு யாருடையது என்பதை நில அலுவலகத்தின் பதிவேடுதான் சொல்லும். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. கையில் கிராண்டின் நகல் வைத்திருப்பவர் எல்லாம் சொந்தக்காரர் அல்ல. நகல் எடுத்த மறுநாளே அந்த வீடு அடமானத்துக்குப் போயிருக்கலாம். ஆகவே ஒரு காசும் கொடுப்பதற்கு முன், நில அலுவலக முகப்பில் ‘சாரியான்’ என்று கேட்டு, சிறு கட்டணம் செலுத்தி, அன்றைய நிலையில் பதிவேடு சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். வாங்கியதும் ஐந்து விஷயங்கள் பாருங்கள். பெயரும் அடையாள அட்டை எண்ணும் விற்பவருடையதா? வங்கி அடமானம் உண்டா? ‘காவியாட்’ என்ற தடைப்பதிவு உண்டா? நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா? ‘செக்காத்தான்’ என்ற இடத்தில் ஏதாவது நிபந்தனை எழுதியிருக்கிறதா?

குத்தகை நிலமானால், அதாவது ‘பஜாக்கான்’ என்று இருந்தால், எத்தனை வருடம் மீதி என்று எண்ணுங்கள். 1975இல் 99 வருடத்துக்குக் கொடுத்த நிலம் 2074இல் முடியும். இன்னும் ஐம்பது வருடத்துக்கும் குறைவு. நாள் குறையக் குறைய வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். நாளை நீங்கள் விற்கப் போனால் வாங்குகிறவரின் வங்கியும் அதைத்தான் சொல்லும். நீட்டிப்பு கேட்டால் அரசுக்குத் தொகை கட்ட வேண்டும். குத்தகை வீடுகள் பலவற்றுக்கும், மலிவு விலை வீடுகளுக்கும், கைமாற்ற மாநில அரசின் சம்மதம் தேவைப்படும். அதற்கு மாதங்கள் ஆகலாம். ‘ரிசாப் மெலாயு’ என்று எழுதியிருந்தால் அது மலாய் ஒதுக்கீட்டு நிலம். நாம் வாங்க முடியாது. "பரவாயில்லண்ணே, நமக்குள்ள ஒரு காகிதம் எழுதிக்கலாம்" என்று எவராவது சொன்னால், காலணியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

நில வரி, வாசல் வரி, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் ஆகியவற்றின் கடைசி ரசீதுகளையும் பார்க்க வேண்டும். பாக்கி இருந்தால் விலையில் கழிக்கலாம்.

பணம் எங்கிருந்து, எப்போது

இங்கேதான் தோட்டத்துக் குடும்பங்கள் தடுமாறுவது அதிகம். "சேமநிதியில் பணம் இருக்கு, அதுல கட்டிடலாம்" என்று நம்பி முன்பணத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள். 2024 மே மாதம் முதல் நம் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. 55 வயதாகாதவர்களுக்கு, வீட்டுக்கு எடுக்கக்கூடியது அதில் ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து; மாதச் சந்தாவில் 100க்கு 15 பங்குதான் அதில் விழுகிறது. அதுவும் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகி, கடன் கடிதமும் கையில் வந்த பிறகே மனு செய்ய முடியும். ஒப்பந்தத்துக்கோ விலையில் 100க்கு 10 முதலிலேயே கட்டியாக வேண்டும். ஆக அந்தப் பத்து உங்கள் கையில் ரொக்கமாக இருக்க வேண்டும். சேமநிதி அதற்குப் பிறகுதான் கைகொடுக்கும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். வீட்டின் விலை 3 லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் 30,000. கைமாற்றுப் பத்திரத்தின் முத்திரை வரி, முதல் ஒரு லட்சத்துக்கு 100க்கு 1, அடுத்த இரண்டு லட்சத்துக்கு 100க்கு 2 என்ற கணக்கில் 5,000. மீதி 2,70,000ஐ வங்கிக் கடனாக வாங்கினால், கடன் பத்திரத்துக்கு 100க்கு அரை வீதம் 1,350. வழக்கறிஞர் கட்டணம் 2023 ஜூலை முதல் நடப்பில் உள்ள அட்டவணைப்படி, முதல் ஐந்து லட்சத்துக்கு 100க்கு ஒன்றேகால்: விற்பனை ஒப்பந்தத்துக்கு 3,750, கடன் ஒப்பந்தத்துக்கு 3,375. கூட்டினால் 43,475 வெள்ளி. சேவை வரி, மதிப்பீட்டுக் கட்டணம், பதிவுக் கட்டணம், வீட்டைச் செப்பனிடும் செலவு எல்லாம் இதற்கு மேல். முதன்முதலாக வீடு வாங்குபவருக்கு முத்திரை வரியில் சலுகை உண்டு; உங்களுக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் முதல் நாளே கேளுங்கள். மேலே சொன்ன கணக்கில் 6,350 வெள்ளி மிச்சப்படக்கூடிய விஷயம் அது.

பத்தைத் திரட்ட முடியாமல் கூட்டுச் சீட்டுப் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுச் சீட்டைத் தடைசெய்திருக்கிறது. சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் சொல்லி அழக்கூட இடமில்லை.

முன்பணத்தை ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் போடவே போடாதீர்கள். ஏஜெண்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலோ, வழக்கறிஞர் கணக்கிலோ போட்டு ரசீது வாங்குங்கள். அவர் அணிந்திருக்கும் அட்டையின் எண்ணை வாரியத்தின் பதிவில் சரிபார்க்கலாம். "இன்னும் ரெண்டு பேர் பாத்துட்டுப் போயிருக்காங்கண்ணே, இன்னைக்கே கட்டிடுங்க" என்பது எல்லா ஏஜெண்டுகளும் பாடும் பாட்டு. கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற வரி அந்தக் காகிதத்தில் எழுத்தாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். வாய்வார்த்தை போதாது.

யார் பெயரில்?

வயது 52 ஆனவருக்கு வங்கி நீண்ட தவணை கொடுக்காது. 70 வயது வரை என்றாலும் 18 வருடம்தான். மாதத் தவணை கழுத்தை நெரிக்கும். அதனால் மகனையோ, சம்பளச் சீட்டு நன்றாக இருக்கும் தம்பி மகனையோ கொண்டுவந்து, அவன் பெயரில் கடன் வாங்கி, வீட்டையும் அவன் பெயரிலேயே பதிந்துவிடுகிறார்கள். "பேருதான் அவனோடது, பணம் எங்களோடது" என்று ஊரெல்லாம் சொல்லி வைப்பார்கள். நில அலுவலகத்துக்கு ஊர் சொல்வது கேட்காது. அவனுக்குக் கல்யாணமாகி, பிறகு மணமுறிவு வந்தாலோ, அவன் திவாலானாலோ, இறந்துவிட்டாலோ, அவன் பெயரில் இருப்பது அவன் சொத்தாகத்தான் முதலில் பார்க்கப்படும். பணம் கொடுத்தது நீங்கள்தான் என்று நிரூபிக்க நீதிமன்றம் ஏற வேண்டிவரும். உறவு முறிவதற்கு அதுவே போதும். இருவர் பெயரையும் கிராண்டில் போட்டு, யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதிவிட முடியும். மகன் வருத்தப்படுவானோ என்று கூசாமல் வாங்கும் நாளிலேயே பேசிவிடுங்கள். பத்து வருடம் கழித்துப் பேசுவது இதைவிடக் கடினம்.

விற்பவர்களுக்கு

அப்பா காலமாகிவிட்டார், வீடு அவர் பெயரில் இருக்கிறது, அம்மா விற்க விரும்புகிறார். பழைய தாமான்களில் இதுதான் அதிகம். அம்மா கையெழுத்துப் போட்டால் மட்டும் விற்பனை நடக்காது. உயில் எழுதாமல் போனவரின் சொத்தை 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிரிக்க வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. இறந்தவரின் தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருந்தால் மனைவிக்கு நாலில் ஒன்று, பெற்றோருக்கு நாலில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. கல்யாணமாகிப் போன மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. "அவளுக்குத்தான் நகை போட்டாச்சே" என்பது சட்டத்தில் இல்லை. நம் குடும்பங்களின் சொத்து பெரும்பாலும் ‘சிறிய சொத்து’ என்ற வகையில் அடங்கும். அதற்கான மனுவை நில அலுவலகத்தின் ‘புசாக்கா’ பிரிவில் கொடுக்கலாம். வாரிசுகள் எல்லோரையும் விசாரணைக்கு அழைப்பார்கள். வெளியூரில் இருக்கும் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வாங்குபவரைத் தேடுவது அதற்கு அப்புறம்.

இலாபத்துக்கு வரி உண்டு. வாங்கி 3 வருடத்துக்குள் விற்றால் இலாபத்தில் 100க்கு 30, நாலாவது வருடம் 20, ஐந்தாவது வருடம் 15. 2022 முதல், ஆறாவது வருடத்திலிருந்து விற்கும் குடிமக்களுக்கு இந்த வரி இல்லை. ஆனாலும் வருமான வரி இலாகாவுக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். வாரிசு வழியில் வந்த வீடானால் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஏஜெண்டு கட்டணத்தை விற்பவர்தான் கொடுக்கிறார். உச்சவரம்பு 100க்கு 3.

தண்ணீர் ஏறும் வீடானால் மறைத்து விற்க வேண்டாம். பேசி விலையைக் குறைத்துக்கொள்ளலாம். வாங்க வருகிறவரும் சேமநிதிப் பணத்தை நம்பி வருகிற, நம்மைப் போன்ற குடும்பமாகத்தான் இருக்கும்.

பணம் முழுவதும் கைக்கு வரும் முன் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் வழக்கமாக மூன்று மாதமும், வட்டியோடு இன்னொரு மாதமும் தவணை இருக்கும். "மாமா, தீபாவளிக்கு முன்னாடி குடிவந்துடறோம், பணம் பின்னாடியே வருது" என்று கேட்பார்கள். வந்தவரை வெளியேற்றுவது சுலபமல்ல.

சாவி கைமாறும் நாளில் இரு தரப்பும் மீட்டர் முன் நின்று மின்சாரம், தண்ணீர் அளவுகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் வீட்டுக் காப்புறுதியை அன்றே எடுத்து, அதில் வெள்ளமும் அடங்குகிறதா என்று பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். வெறும் தீக் காப்புறுதியில் அது தானாக வராது. பெயர் மாற்றத்தை மூன்று மாதத்துக்குள் நகராண்மைக்கு அறிவிக்க வேண்டும். 2024 முதல் கிள்ளானில் அது அரச மாநகர் மன்றம். புதிய பெயரில் வாசல் வரிச் சீட்டு தபாலில் வந்து சேரும்வரை, விற்றவரும் வாங்கியவரும் பழைய ரசீதுகளை எறிந்துவிடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருங்கள்.